கரிசல் யாருக்குச் சொந்தம்?

நமது அரசியல் மேடைகளில் ஒரு சொல் அடிக்கடி தலைதூக்குகிறது. 'வந்தேறி' என்பதே அச்சொல். ஒருவருடைய கொள்கையைக் கண்டிக்க வகையறியாதவர், அவருடைய பாட்டனார் எந்தத் திசையிலிருந்து வந்தார் என்று ஆராயப் புகுந்து விடுகிறார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர் தமிழ்நாட்டில் குடியிருக்கலாம், வரி செலுத்தலாம், வோட்டும் போடலாம். இது எங்கள் மண் என்று மட்டும் சொல்லலாகாது என்பதே இச்சொல்லின் உட்கருத்து. 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் தெலுங்கைத் தாய்மொழியாகக் குறித்தவர்கள் சுமார் 42 லட்சம் பேர். நூற்றுக்கு ஆறு பேருக்குச் சற்றுக் குறைவு. இவ்வளவு பெரிய ஜனசமூகத்தின் மீது வீசப்படும் ஒரு சொல்லை மேடைப் பேச்சுத்தானே என்று தள்ளிவிடுவதற்கில்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை இவ்வழக்கில் விவாதத்திற்கு இடமில்லை. இந்தியாவின் எப்பகுதியிலும் தங்கவும் குடியமரவும் பிரஜைகள் யாவருக்கும் உரிமை உண்டென்று அரசியல் சட்டத்தின் 19-வது ஷரத்து கூறுகிறது. ஆனால் சட்டத்தால் உரிமையை வழங்க முடியுமேயன்றி உறவை வழங்க முடியாது. ஒரு மண்ணுக்கும் அதில் வந்து குடியேறினவர்களுக்கும் இடையே உறவு எப்படிப் பிறக்கிறது, எதனால் அது உறுதிப்படுகிறது என்று அறிய விரும்புவோர் இலக்கியத்தினிடம்தான் செல்லவேண்டும். கோவில்பட்டிக் கரிசல் சீமை இவ்விஷயத்தில் நல்ல சாட்சி ஒருவரை நமக்குத் தந்திருக்கிறது. காலஞ்சென்ற ஸ்ரீ கி. ராஜநாராயணன் அவர்களே அந்தச் சாட்சி. 1976-ல் வெளிவந்த 'கோபல்ல கிராமம்' என்னும் நாவலே அவர் அளித்த சாட்சியம்.

மண்ணின் இயல்பு

காவிரிக் கரையிலோ தாமிரபரணிக் கரையிலோ வளர்ந்த ஒருவர் கோவில்பட்டியைச் சுற்றியுள்ள பூமியை முதன்முறையாகக் காணும்போது, மனிதர்கள் எதை நம்பி இங்கே வந்து குடியேறினார்கள் என்று வியப்படைவது இயல்பே. ஜீவநதி ஒன்றும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரி வெள்ளாமையே பிரதானம். மழை பெய்தால் மண் களியாகிக் காலைப் பற்றிக்கொள்ளும். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கிணறு வெட்டினாலோ பல இடங்களில் உப்புத் தண்ணீர்தான் ஊறும்.

ஆயினும் இம்மண்ணுக்கு வேறொரு குணமும் உண்டு. பெய்த மழையைத் தன்னுள் வாங்கி நெடுநாள் வைத்திருக்கும். வானம் வறண்ட பின்னரும் அந்த அடியீரத்தைக் கொண்டே பருத்தி வளர்ந்து காய்த்து வெடிக்கும். கம்பும், சோளமும், உளுந்தும், பாசிப்பயறும், கொத்தமல்லியும் அதே ஈரத்தில் விளையும். பருவம் தப்பாமல் உழுது, மழைக்கு முன்னே விதைத்து, களைக்கு இடங்கொடாமல் காக்கத் தெரிந்தவனுக்குக் கரிசல் தாயாக இருக்கும். அது தெரியாதவனை இரண்டு வருஷத்தில் ஊரைவிட்டே ஓட்டிவிடும்.

விஜயநகர ஆட்சி தெற்கே பரவிய காலத்திலும், 16-ம் நூற்றாண்டில் மதுரையில் நாயக்கர் ஆட்சி நிலைபெற்ற காலத்திலும், அதன் பின்னரும் தெலுங்கு பேசும் குடிகள் அலையலையாகத் தெற்கே வந்தனர். ஆற்றுப் பாசனமுள்ள நன்செய் நிலங்கள் ஏற்கெனவே பிறர் கையில் இருந்தன. எஞ்சி நின்றது கரிசல். தக்காணத்துக் கருமண்ணில் பழகிய உழவர்களுக்கு அதைப் பண்படுத்தும் வித்தை கைவந்ததாக இருந்தது. கம்மவார், ரெட்டியார், ராஜகம்பளத்தார் முதலிய சமூகத்தார் பலர் இப்படி வந்து ஊன்றியவர்களே.

இவ்வாறு கலந்து வாழ்ந்த சீமைதான் நமது சுதந்திரப் போராட்டத்துக்கு எத்தனை வீரர்களைத் தந்தது! 1799-ம் வருஷம் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மன், 1872-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை, 1882-ல் எட்டயபுரத்தில் பிறந்த சுப்பிரமணிய பாரதியார் ஆகிய மூவருக்கும் இதுவே தாய்நிலம். கட்டபொம்மனுடைய வீட்டுமொழி தெலுங்கு. மற்ற இருவருடைய வீட்டுமொழி தமிழ். தூக்குக் கயிறும், சிறையில் இழுத்த செக்கும், நாடு கடந்த வறுமையும் இவர்களிடம் வம்ச விசாரணை நடத்தவில்லை. நாம் நடத்துவது எவ்வளவு நியாயம்?

கதாசிரியர் வளர்ந்த சூழல்

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் பெருவழியில் சில மைல் தெற்கே இருக்கிறது இடைசெவல் கிராமம். 1920-களின் தொடக்கத்தில் அங்கே தெலுங்கு பேசும் உழவர் குடும்பம் ஒன்றில் ராஜநாராயணன் பிறந்தார். பள்ளிப் படிப்பு அவருக்குப் பூர்த்தியாகவில்லை. இளமையில் காசநோயால் அவதியுற்றார். சங்கீதத்தில் பெரும் பற்றுக் கொண்டு விளாத்திகுளம் சுவாமிகளிடம் ஈடுபட்டார். பின்னர் கம்யூனிஸ்டு இயக்கத்தில் சேர்ந்து, 1947-க்கும் 1951-க்கும் இடைப்பட்ட காலத்தில் விவசாயிகள் கிளர்ச்சியை முன்னிட்டுச் சிறைவாசமும் அனுபவித்தார். அதே ஊரில் பிறந்து அவருடன் வளர்ந்த தோழர்தான் சிறுகதை உலகில் பெயர்பெற்ற ஸ்ரீ கு. அழகிரிசாமி. இருவர் வீட்டிலும் பேசிய மொழி தெலுங்கு. இருவரும் எழுதியது தமிழ். ராஜநாராயணனுடைய முதற்கதை 1958-ல் 'சரஸ்வதி' பத்திரிகையில் வெளியாயிற்று. அப்போது அவர் முப்பது வயதைத் தாண்டிய விவசாயி.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். குடியேற்றம் நிகழ்ந்து பல தலைமுறைகள் கடந்த பின்னர் பிறந்தவரைக் குடியேறினவர் என்று எப்படிச் சொல்வது? காட்டை வெட்டியதையும் வண்டி கட்டி வந்ததையும் அவர் கண்ணால் கண்டவர் அல்லரே?

ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் கரிசலின் தன்மையை அறிந்தவர்களுக்கு விடையும் உடனே புலப்படும். ஆற்றங்கரை ஊரில் குடியேற்றம் ஒரு தலைமுறையோடு முடிந்துவிடுகிறது. வாய்க்கால் ஓடத் தொடங்கினால், வந்த கதையைப் பேரன் மறந்து விடலாம். வானம் பார்த்த பூமியில் அது முடிவதே இல்லை. ஒவ்வொரு முறை மழை பொய்க்கும்போதும், இருப்பதா போவதா என்னும் பழைய கேள்வி வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. கம்மாய் வறண்ட வருஷத்தில் மாட்டை விற்றவனும், பஞ்சம் பிழைக்கத் திசை தேடிப் போனவனும், மறு வருஷம் மழை கேட்டுத் திரும்பி வந்து கலப்பையைத் தூக்கினவனும் தம் முன்னோர் செய்ததையே மறுபடியும் செய்தார்கள். ஆகையால் வந்த கதை அங்கே பழங்கதையாகவில்லை. திண்ணையிலும் களத்துமேட்டிலும் நடப்புச் செய்தியைப் போலப் பேசப்பட்டு வந்தது. இவ்வித ஊரிலே காது கொடுத்து வளர்ந்த சிறுவன் கதாசிரியனானபோது, அவனுடைய எழுத்து எந்த வடிவத்தை எடுக்கும்?

முதலாவதாக, அதில் தனிக் கதாநாயகன் என்று ஒருவனும் இரான். 'கோபல்ல கிராமம்' வெளிவந்தபோது, இதற்கு நாவல் என்று பெயர் தகுமா என்று கேட்டவர்கள் உண்டு. கதாநாயகன் எங்கே, கதைப்பின்னல் எங்கே என்பது அவர்களுடைய குறை. தனி ஒருவனாகக் கரிசலில் எவனும் பிழைத்ததில்லை என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. பத்து ஏர் கூடினால்தான் பருவத்தில் விதைப்பு முடியும். நூறு கை கூடினால்தான் தீவட்டிக் கொள்ளைக்காரரை எதிர்க்க முடியும். ஊர் முழுவதையும் கதாநாயகனாக்கியது கதாசிரியரின் விந்தையான யோசனை அன்று. ஊர் அவருக்குக் கற்பித்த பாடம்.

இரண்டாவதாக, மனிதர்களை அவர் பெரிய லட்சியங்களால் அளப்பதில்லை, அவர்களுடைய வேலையால் அளக்கிறார். யார் எந்த மாட்டை எப்படிப் பழக்கினான், யார் எந்த நோய்க்கு என்ன மருந்து அறிந்தவன், யாருக்கு எதனால் பட்டப்பெயர் வந்தது என்றே கதை நகர்கிறது. புது இடத்தில் வந்து ஊன்றினவர்களுக்குக் குலப்பெருமை சோறு போடாது; தெரிந்த தொழிலே போடும். அந்த அளவுகோல் கதாசிரியரின் கையில் அப்படியே இருக்கிறது.

பாட்டியின் வாக்குமூலம்

நாவலின் நடுநாயகமாக வீற்றிருப்பவள், நூறு வயதை எப்போதோ தாண்டிவிட்ட மங்கத்தாயாரு அம்மாள். ஊரார் கூடியிருக்க அவள் தங்கள் பூர்வோத்தரத்தைச் சொல்கிறாள். தெலுங்கு தேசத்தில் சென்னாதேவி என்னும் அழகியை அரசன் ஒருவன் விரும்ப, மானத்துக்கு அஞ்சிக் குடும்பங்கள் இரவோடிரவாகத் தெற்கே கிளம்புகின்றன. இடையில் வந்த ஆற்றைத் தெய்வ சகாயத்தால் கடக்கின்றன. கள்ளியும் முள்ளும் மண்டிய காட்டை அடைந்து, அதற்குத் தீயிட்டு, வேரகழ்ந்து, நிலமாக்கி, ஊராக்குகின்றன.

நீதிமன்றத்தில் பழகியவர்கள் இதைக் கேட்டவுடனே, இது கேள்விச் சாட்சியமாயிற்றே என்பார்கள். நேரில் கண்டவன் சொல்வதையே ஏற்கவேண்டும் என்பது 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் பொதுவிதி. அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் அமலிலுள்ள சட்டத்தின் விதியும் அதுவே. ஆனால் இரண்டு சட்டங்களிலும் ஒரு விலக்கு உண்டு. ஊருக்குப் பொதுவான உரிமையையும் வழக்கத்தையும் பற்றி இறந்துபோன பெரியோர் கூறியவை ஏற்கத்தக்கவை. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. தகராறு எழுவதற்கு முன்பே அவை சொல்லப்பட்டிருக்க வேண்டும். தகராறுக்குப் பின் சொன்னவை வழக்குக்காகத் தயாரித்தவையாக இருக்கலாம் அல்லவா?

கரிசல் பாட்டிமார்கள் கூறிய கதைகள் இந்த நிபந்தனைக்கு முற்றும் பொருந்துகின்றன. தமிழ்நாட்டின் எல்லைகள் மொழிவழியாக வரையப்பட்டது 1956 நவம்பரில். அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே, எவருக்கும் விடைசொல்ல வேண்டிய அவசியமில்லாத காலத்தில், நாங்கள் வந்தவர்கள் என்று இவர்கள் தம் பேரக்குழந்தைகளுக்குத் தாமே சொல்லிக்கொண்டிருந்தனர். வந்ததை அவர்கள் மறைக்கவும் இல்லை. அதற்கு வெட்கப்படவும் இல்லை. ஆகவே, 'நீ வந்தவன்' என்று இன்று கண்டுபிடித்தாற்போல் கூறுகிறவர், எதிர்த்தரப்பு முன்னமே ஒப்புக்கொண்டதைப் பெரிய ரகசியமாக எண்ணி மகிழ்கிறார்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் அவசியமாகிறது. சென்னாதேவி கதையில் வரும் அரசன் முஸ்லிம் அரசன். இதைப்போன்ற கதை, பெண்ணின் பெயரும் ஆற்றின் பெயரும் மாறி, தெற்கே வந்த பல தெலுங்குச் சமூகத்தாரிடையே வழங்குகிறது. இது ஊரைவிட்டு ஓடிய ஜனங்கள் தங்கள் துயரத்துக்குக் கொடுத்துக்கொண்ட உருவம். இதைச் சரித்திர ஆதாரமாகக் கொண்டு மதத்துவேஷம் வளர்க்க எவரேனும் முற்படுவாராயின், அவர் எட்டயபுரத்துக்கு ஒரு நடை போய்வரட்டும். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரை ஆதரித்தது தெலுங்கு பேசிய எட்டயபுரம் அரண்மனையே. புலவரின் அடக்கத்தலமும் அவ்வூரிலேயே இருக்கிறது. அஞ்சி ஓடிவந்த கதையைக் காத்த அதே சீமை, நபிகள் நாயகத்தின் சரிதத்தைத் தமிழில் பாடிய புலவரையும் காத்தது.

நாவலில் மற்றொரு சம்பவம் நெஞ்சைவிட்டு நீங்காதது. நகைக்காகக் கர்ப்பிணிப் பெண் ஒருத்தியைக் கள்வன் ஒருவன் நீரில் அமுக்கிக் கொல்கிறான். ஊர் கூடி விசாரித்து அவனைக் கழுவேற்றுகிறது. ஊரே போலீஸ், ஊரே நீதிபதி, தண்டனையும் ஊரே. இதன் கொடுமையைக் கதாசிரியர் மறைக்கவில்லை. சர்க்கார் வந்துசேராத எல்லைப்புறத்தில் நீதி எத்தகையதாக இருந்தது என்று உள்ளபடி காட்டுகிறார். கதை முடியும் தறுவாயில் கும்பினி ஆட்சி போய் மகாராணியின் ஆட்சி வருகிறது. 1858-க்குப் பின் ஊரின் நீதி கச்சேரிக்குப் போகிறது. ஊரின் நிலம் கணக்குப் புத்தகத்துக்குள் போகிறது.

அந்தக் கணக்குப் புத்தகம் என்ன செய்தது என்பதை அவருடைய 'கதவு' என்னும் சிறுகதையில் காணலாம். தீர்வை பாக்கிக்காக ஓர் ஏழை வீட்டின் கதவு ஜப்தி செய்யப்படுகிறது. அக்கதவில் ஏறி ஆடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு விளையாட்டும் போயிற்று, வாடைக்காற்றுக்குத் தடுப்பும் போயிற்று. காட்டை அழித்து நிலமாக்கியவர்களின் சந்ததிக்குச் சொந்த வீட்டுக் கதவும் சொந்தமில்லை! சர்க்கார் கணக்கில் எல்லோரும் ஒருவகையில் வந்தேறிகள்தான். பாக்கி இல்லாதவரை இருக்கலாம், அவ்வளவே.

அமெரிக்கப் புல்வெளியில் ஓர் அம்மையார்

குடியேறினவர்களின் நடுவே வளர்ந்தவர் குடியேற்றத்தைப் பற்றி எழுதினால் என்ன நேரும் என்பதற்கு அந்நிய தேசத்திலும் புகழ்பெற்ற உதாரணம் உண்டு. அமெரிக்காவின் நாவலாசிரியை வில்லா கேதர் அம்மையார் 1873-ல் வர்ஜீனியாவில் பிறந்தார். 1883-ல், ஒன்பது வயதுச் சிறுமியாக, நெப்ராஸ்கா ராஜ்யத்தின் புல்வெளிக்குக் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். 1862-ம் வருஷத்துச் சட்டம், ஐந்தாண்டு தங்கிப் பயிரிடுவோருக்கு 160 ஏக்கர் நிலம் வழங்கியது. அதை நம்பி ஸ்வீடன், நார்வே, பொஹீமியா, ஜெர்மனி முதலிய தேசங்களிலிருந்து உழவர் குடும்பங்கள் அங்கே வந்து குவிந்தன. சிறுமி கேதர் மட்டக்குதிரை மீதேறி அவர்களுடைய வீடுகளுக்குச் சென்று, ஆங்கிலம் சரிவரப் பேசத் தெரியாத கிழவிகளிடம் கதை கேட்டு வளர்ந்தார். அக்கதைகளே 1913-ல் 'ஓ பயனியர்ஸ்' ஆகவும், 1918-ல் 'மை ஆன்டோனியா' ஆகவும் உருப்பெற்றன.

கிழவிகளின் வாய்மொழி, பணியாத மண், விட்டுப் போனவர்களுக்கிடையே விடாமல் நின்றவர்கள் என எத்தனையோ விதத்தில் இவ்விருவர் எழுத்தும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. ஆனால் வேற்றுமை ஒன்றும் கவனிக்கத்தக்கது. அம்மையார் இளமையிலேயே புல்வெளியை விட்டுப் போனார். அதை நியூயார்க் நகரத்திலிருந்து நினைத்து எழுதினார். அவருடைய நாவல்களில் இழந்த ஒன்றை எண்ணி ஏங்கும் தொனி இருக்கிறது. ராஜநாராயணன் 1989-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் அழைப்பை ஏற்றுச் செல்லும்வரை இடைசெவலிலேயே வாழ்ந்து, அங்கிருந்தபடியே 'கோபல்ல கிராம'த்தை எழுதினார். கேட்ட கதையை அதே தெருவில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு ஏக்கம் தேவையில்லை. ஒரு சொல்லைத் தவறாக எழுதிவிட்டால் எதிர்வீட்டுக்காரர் வந்து திருத்துவார். எனவேதான் அவருடைய எழுத்தில் சிரிப்பு மிகுதி.

மொழி விஷயத்திலும் அவருடைய பணியைக் கவனிக்கவேண்டும். வீட்டில் தெலுங்கு பேசி வளர்ந்த இவர்தான் கரிசல் தமிழின் சொற்களைத் திரட்டி 1982-ல் வழக்குச் சொல்லகராதி வெளியிட்டார். ஏரின் உறுப்புகளுக்கும் மழையின் வகைகளுக்கும் உழவர் வாயில் வழங்கிய சொற்களைப் பண்டிதர்கள் கொச்சை என்று ஒதுக்கியிருந்தனர். தமிழுக்கு வெளியிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் குடும்பத்துப் பிள்ளை, பள்ளிக்கூடத்தை முடிக்காதவர், அவற்றை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிச் சேர்த்தார். பிறந்தது முதல் இயல்பாக வந்த சொல்லை நாம் கவனிப்பதில்லை. இரண்டு பாஷைகளுக்கிடையே வளர்ந்தவன் காதுக்கே ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்கிறது.

கதையில் இடம்பெறாதவர்கள்

இதுவரை வந்தவர்களின் சாட்சியத்தைக் கேட்டோம். ஒருதரப்புச் சாட்சியத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது முறையன்று. பாட்டியின் கதையில் அந்நிலம் பெரும்பாலும் ஆளற்ற காடாகவே தோன்றுகிறது. உண்மையில் அது ஆளற்றதாக இருந்ததா?

கோவில்பட்டிக்கு அருகிலுள்ள கழுகுமலையில் வெட்டுவான் கோவிலும் சமணச் சிற்பங்களும் 8-ம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தைச் சேர்ந்தவை. மலையைக் குடைந்து கோவில் சமைக்கும் அளவுக்குச் செல்வமும் உழைப்பும் அன்றே அச்சீமையில் இருந்தன. கம்மாய்கள் இருந்தன, கம்மாயைக் காத்தவர்கள் இருந்தனர். காட்டை எரித்தவர்களோடு கூடவே வேரகழ்ந்தவர்கள், மாடு மேய்த்தவர்கள், செருப்புத் தைத்தவர்கள், துணி வெளுத்தவர்கள் இருந்திருக்க வேண்டும். இவர்களுடைய பாட்டிமார்கள் சொன்ன கதை என்ன?

அமெரிக்க அம்மையாரின் நாவல்களிலும் இதே மௌனத்தைக் காண்கிறோம். அவர் வளர்ந்த ஊரின் பெயர் ரெட் கிளவுட். சிவந்த மேகம் என்பது பொருள். லகோடா மக்களின் தலைவர் ஒருவருடைய பெயர் அது. நெப்ராஸ்காவில் நெடுங்காலம் வாழ்ந்த பாவ்னி மக்கள், அம்மையாரின் குடும்பம் வருவதற்குச் சில வருஷங்கள் முன்புதான், 1870-களில், அங்கிருந்து தெற்கே அகற்றப்பட்டனர். 'மை ஆன்டோனியா'வில், முதற்பனி விழுந்தபோது புல்வெளியில் மங்கலாகத் தெரிந்த ஒரு பெரிய வட்டத்தடம் குறிப்பிடப்படுகிறது. செவ்விந்தியர் குதிரை ஓட்டிய இடமாம் அது. ஒரு ஜனசமூகமே தடமாக மட்டும் எஞ்சிவிட்டது.

ராஜநாராயணன் இம்மௌனத்தை முற்றும் உணராதவர் அல்லர். 'கிடை' என்னும் குறுநாவலில், தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண் செவனியை நேசித்த நாயக்கர் வீட்டு எல்லப்பனுக்கு வேறிடத்தில் கல்யாணம் நடக்கிறது, செவனிக்குப் பேயோட்டுகிறார்கள். கீழ்ச்சாதிப் பெண்ணுக்கு ஊர் நீதி எவ்விதம் கிடைத்தது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது. ஆயினும், பிறருடைய கதையை எவ்வளவு அனுதாபத்துடன் சொன்னாலும், அது அவர்களே சொன்னதாகிவிடாது.

நற்காலமாக, அவர் திறந்த வழியில் மற்றவர்களும் வந்தனர். ஸ்ரீ பூமணி 1979-ல் வெளியிட்ட 'பிறகு', ஊராருக்குத் தோல் தொழில் செய்து பிழைக்கும் அருந்ததியர் வாழ்வை உள்ளிருந்து காட்டியது. 2012-ல் வெளிவந்து 2014-ல் சாகித்ய அகாதமி பரிசு பெற்ற அவருடைய 'அஞ்ஞாடி', அதே கரிசலின் சரித்திரத்தை உழைக்கும் குலத்தார் பக்கம் நின்று விரிவாகக் கூறியது; 1895-ல் கழுகுமலையிலும் 1899-ல் சிவகாசியிலும் நடந்த கலகங்களும் அதில் வருகின்றன. ஸ்ரீ சோ. தர்மனுடைய 'சூல்' உருளைக்குடிக் கண்மாயின் கதை. 2019-ல் அதற்கும் அப்பரிசு கிடைத்தது. கோபல்லபுரத்தாரின் ஏருக்குப் பின்னால் மறைந்திருந்த முகங்கள் இந்நூல்களில் முன்னே வந்து பேசுகின்றன. 1991-ல் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்காக ராஜநாராயணன் பெற்ற பரிசையும் சேர்த்தால், கோவில்பட்டிச் சீமையின் மண்ணுரிமை வழக்கில் முக்கியமான சாட்சிகள் பலர் ஏறிவிட்டனர் எனலாம்.

நமது முடிவு

இச்சாட்சியங்கள் அனைத்தையும் ஒருசேரப் பரிசீலித்தால் இரண்டு தரப்பினரும் தலைகுனிய நேரிடும்.

'வந்தேறி' என்போர், தாங்கள் வரவில்லை என்பதற்கு என்ன ஆதாரம் வைத்திருக்கிறார்கள்? அடுத்தவர் நிலத்தைப் பகிரங்கமாகப் பன்னிரண்டு வருஷம் அநுபவித்தவனுக்கு எதிராக வழக்குத் தொடுக்கும் காலம் முடிந்துவிட்டது என்கிறது நமது காலவரையறைச் சட்டம். பல நூறு வருஷங்கள் வெயிலில் உழுது, அம்மண்ணின் மொழியிலேயே கதை எழுதி, அம்மொழிக்கு அகராதியும் தொகுத்துக் கொடுத்தவர்கள் மீது இன்னும் வழக்கு நடத்துவேன் என்பது எந்த நீதி? ராஜநாராயணன் 2021 மே 17-ந் தேதி புதுச்சேரியில் காலமானார். அவருடைய உடல் இடைசெவலுக்கே கொண்டுவரப்பட்டு, அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடைபெற்றது. தமிழ்நாடு அவரைத் தன் மகனென்று கொண்டாடியது. மேடைப் பேச்சாளர் அதை மாற்றிவிட முடியாது.

ஆனால் மறுதரப்பாரும் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். 'காட்டை அழித்து நாடாக்கியவர்கள் நாங்கள்' என்று ஜாதிச் சங்க மகாநாடுகளில் பெருமை பேசுவோர், அந்தக் காட்டில் தங்களுடன் வியர்வை சிந்தியவர்களுக்கு ஊருணியில் தண்ணீர் எடுக்கும் உரிமையும் மறுக்கப்பட்டதைச் சொல்வதில்லை. வந்தவன் என்று தன்னை ஒதுக்குவது அநீதி என்று முறையிடுகிறவன், உடனிருந்தவனைத் தான் ஒதுக்கியதற்கு என்ன சமாதானம் சொல்வான்? உழைப்பே மண்ணுரிமைக்கு ஆதாரம் என்று வாதாடினால், அவ்வாதம் பண்ணையாளுக்கும் பொருந்தும். உழுதவனுக்குப் பொருந்துவதைவிட அதிகமாகவே பொருந்தும்.

ஆதலால் தேசத் தொண்டில் ஈடுபட்டிருக்கும் நமது தோழர்களுக்கு நாம் செய்துகொள்ளும் வேண்டுகோள் இதுதான். 'கோபல்ல கிராம'த்தையும் 'பிறகு' நாவலையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படியுங்கள். ஒன்றை மட்டும் படிப்பவர் ஒருதரப்பு வக்கீலாகவே இருப்பார். கிராமங்களுக்குப் போகும்போது இருசாராரின் வீடுகளிலும் உள்ள முதியவர்களிடம், அவர்களுடைய முன்னோர் எங்கிருந்து வந்தனர், யாருடன் வந்தனர், வந்தபோது அங்கே யார் இருந்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். தகராறு முற்றிய பின் கிடைக்கும் சாட்சியத்துக்கு மதிப்பில்லை. அதைச் சொல்லக்கூடியவர்களோ ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

கரிசல் யாருக்குச் சொந்தம் என்னும் கேள்விக்கு நாம் அளிக்கும் விடை, அதில் உழைத்த எல்லோருக்கும் என்பதே. அந்த 'எல்லோரில்' ஒருவரை விட்டாலும் தீர்ப்பு செல்லாது.